காற்றுதானே என்கிறார்கள்

மழையில் நனைந்து ஒரு வாசலில் போய் நின்றால் துண்டு நீட்டுவார்கள். மலை ஏறி வந்தேன் என்றால் "எத்தனை மீட்டர்?" என்று கேட்டு வாய் பிளப்பார்கள். பஞ்சர் என்றால்கூட நாலு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள். எதிர்க்காற்று என்று சொல்லிப் பாருங்கள். "காற்றுதானே" என்று முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஜெர்மனியின் வடகடல் கரையில் தன்னந்தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் எனக்கு, காற்று படுத்துகிற பாட்டைவிட இதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. கஷ்டம் என்று ஒப்புக்கொள்ளக்கூட ஆளில்லாத ஒரு கஷ்டம்.

டென்மார்க் எல்லையில் ரயிலை விட்டு இறங்கி, கரையோரமாகவே தெற்கே வந்து, பிரேமனில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேருவது திட்டம். வடகடலைச் சுற்றிச் சைக்கிளுக்கென்றே ஒரு நெடும்பாதை இருக்கிறது. 2001-இல் திறந்தது, ஐரோப்பியப் பாதைகளின் வரிசையில் 12-ஆம் எண், நார்வே, பிரிட்டன், நெதர்லாந்து என்று பல நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. அதில் ஜெர்மனியின் பங்கைப் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே பாட்டுத்தான்: சமதரை, மேடு கிடையாது, பிள்ளைகுட்டிகளோடு போகலாம், முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு உகந்தது. போனில் இருக்கும் செயலி இன்னும் ஒரு படி மேலே. ஏற்ற இறக்கப் படம் என்று ஸ்கேல் வைத்துக் கிழித்தமாதிரி ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் "எளிது" என்று பச்சையில் எழுதியும் வைத்திருக்கிறது. நான் சொல்ல வந்த நாளுக்கு, ஹூசுமிலிருந்து ஐடர் ஆற்று அணை வழியாக டித்மார்ஷென் வட்டாரத்துக் கிராமம் ஒன்றுவரை, சுமார் 60 கிலோமீட்டருக்கு அது கொடுத்த நேரம் மூன்றரை மணி.

அன்று தென்மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று. நடுநடுவே 45 வரை எகிறும் வீச்சு. நான் போக வேண்டிய திசையும் தென்மேற்குதான்.

இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலிடமிருந்து பிடுங்கிய மண் இது. நூற்றாண்டுக் கணக்கில் கரைக்கு மேல் கரையாகப் போட்டு, உள்ளே அகப்பட்ட சேற்றை வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். மண் அருமையான மண். டித்மார்ஷெனில் கண்ணுக்கெட்டிய தூரம் முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ் எவ்வளவு உயரம் வளரும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றைத் தடுக்க அங்கே இருக்கும் தாவரம் அதுதான். இதே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால், வயலுக்கு வயல் மண்வரப்பு எழுப்பி அதன்மேல் புதர்வேலி வளர்த்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த காலத்தில் பெரும்பாலும் வைத்தவை. அழிக்கக்கூடாது என்று இன்று சட்டமே இருக்கிறது. அந்த வேலி ஓரமாக ஓட்டினால் பாதிக் காற்று தெரியாது. ஆனால் பாதை வகுத்தவர்களுக்கு நமக்குக் கடலைக் காட்டியாக வேண்டும். வேலியில்லாத பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். காட்டுகிற கடலும் பாதி நேரம் வற்றிப்போய்ச் சேறாகக் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

காற்றுதானே என்கிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. காற்றின் எதிர்ப்பு, மோதுகிற வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வானிலைக்காரர்கள் 10 மீட்டர் உயரத்தில் அளந்து 30 என்று சொன்னால், என் மூக்கு இருக்கும் உயரத்தில் 22 என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். நான் முக்கி முனகி 13-இல் போகிறேன். முகத்தில் மோதுவது 35. காற்றில்லாத நாளில் 20-இல் போனால் மோதுவது வெறும் 20. ஆக, எதிர்ப்பு மூன்று மடங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது; காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகும் சக்தி இரண்டு மடங்கானது. முன்னும் பின்னுமாக நாலு பைகளைத் தொங்கவிட்டிருப்பவனுக்கு அவற்றின் அகலம் வேறு உபரி.

"இன்றைக்கு எதிரே அடித்தால் நாளைக்குப் பின்னால் தள்ளும், சரியாகப் போய்விடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். சரியாகப் போகாது. 30 கிலோமீட்டரை எதிர்க்காற்றில் 10 வேகத்தில் போய், அடுத்த 30 கிலோமீட்டரைப் பின்காற்றில் 30 வேகத்தில் வந்தாலும் மொத்தம் நாலு மணி நேரம். காற்றே இல்லாமல் 20-இல் போயிருந்தால் மூன்று மணியில் வேலை முடிந்திருக்கும். பாழாய்ப்போன காற்று பிடுங்குவது ஒரு மணி நேரம், அதுவும் திருப்பிக் கொடுத்ததுபோகப் பாக்கி. மேட்டில் ஏறினால் உச்சி என்று ஒன்று வரும். அங்கே நின்று தண்ணீர் குடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், அப்புறம் இறக்கம். எதிர்க்காற்றுக்கு உச்சி எங்கே இருக்கிறது?

காற்றுக்கு எண் போட்டு வகுத்தவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட், 1805-இல். கப்பல்காரர் ஆகையால் பாய்மரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே எண்களுக்கு நிலத்தில் தெரியும் அடையாளங்களையும் சேர்த்தார்கள். 6-ஆம் எண்ணில் பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிப்பது சிரமம். 7-இல் மரமே ஆடும், எதிர்த்து நடப்பது சிரமம். குடை பிடிக்கிறவன் இருக்கிறான், நடக்கிறவன் இருக்கிறான். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை ஒருவரும் நினைக்கவில்லை. சைக்கிள்காரனுக்குச் சிரமம் 4-லேயே ஆரம்பித்துவிடும். இன்றைக்கும் ஜெர்மனியில் காற்று எச்சரிக்கை வருவது வீச்சு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால்தான். அது 7-ஆம் எண். அன்று அடித்தது 5, வீச்சுகள் 6. ஆகவே அதிகாரபூர்வமாக அன்று எதுவுமே நடக்கவில்லை.

உள்ளூர்க்காரர்களிடம் முறையிடலாம் என்றால் அவர்கள் அதற்கு மேல். ஆட்டின் சுருள்மயிர் நிமிர்ந்தால்தான் புயல், அதுவரைக்கும் சும்மா என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை. வாழ்த்து அட்டை, காபிக் கோப்பை என்று எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கிறார்கள். வழியில் ட்யோனிங் என்ற ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்குள் கண்ணில் தண்ணீர் வழிய நுழைந்தேன். "இன்றைக்கு நல்ல காற்றோட்டம், இல்லையா?" என்றார் கடைக்கார அம்மா, முகத்தில் சந்தோஷத்தோடு. அழுதுகொண்டு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, உடுப்புத்தான் தப்பு என்று ஜெர்மானியர்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். மழைக்குச் சரி. குளிருக்கும் சரி. காற்றுக்கு எந்த உடுப்பு என்று யாராவது சொல்லட்டும். எதைப் போட்டாலும் அது பாயாக விரிந்து நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது, கழற்றினால் வெடவெடக்கிறது. மழைக்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினேன், முதுகுப்பக்கம் உப்பியது. பாதிக்கு இறக்கினேன், வயிற்றுப்பக்கம் உப்பியது. கோட்டுக் குல்லாவை ஹெல்மெட்டுக்குள் செருகினால் கண்ணை மறைக்கிறது, வெளியே விட்டால் காதோரம் படபடவென்று அடிக்கிறது. ஹெல்மெட் வாரில் காற்று பட்டு நாள் முழுக்க ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருக்கும். வேறு எதுவும் காதில் விழாது. பின்னால் டிராக்டர் வருவது, அது தாண்டிப் போகும்போதுதான் தெரியும்.

கடற்கரை நெடுகப் புல் போர்த்திய மண்கரை, எட்டு மீட்டர் உயரத்துக்கு. அதன்மேல் ஆடுகள். ஆடு புல்லை ஒட்ட மேய்ந்து, குளம்பால் மண்ணை மிதித்து இறுக்கும். கரையைப் பராமரிப்பதே அவைதான் என்பதால் அந்தப் பாதையில் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை. கரையின் நிலப்பக்கம் ஓட்டினால் காற்று ஓரளவு மறையும். அந்த மறைவில் எங்கே படுக்க வேண்டும் என்று ஆட்டுக்கும் தெரிந்திருக்கிறது: நேரே தார்மேல். வெயில் பட்ட தார், இளஞ்சூடு. மணி அடித்தால் காற்றில் கேட்பதில்லை. கேட்டாலும் எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை. ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு புழுக்கைமேல் ஓட்டினால், முன் டயர் அதை எடுத்து, காற்றின் ஒத்தாசையோடு என் தாடைக்கு அனுப்பும்.

போதாக்குறைக்கு வேலிக்கதவுகள். ஆடு வெளியே போய்விடாமல் இருக்கத் தானாக மூடிக்கொள்ளும் இரும்புக்கதவு. சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பால் கதவைத் தள்ளிப் பிடித்து, இரண்டு கையாலும் மூட்டை முடிச்சோடு வண்டியை உள்ளே தள்ள வேண்டும். கதவு காற்றோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்து பின்பக்கப் பையில் அறையும். வண்டி சாயும். நிமிர்த்தி, ஏறி, பெடலில் கால் வைத்து, 13 வேகத்துக்கு வருவதற்குள் அடுத்த கதவு.

அணைக்குச் சற்று முன்னால் காட்டிங்கர் வாட் என்ற இடத்தில், கடல் விட்டுப்போன நிலத்தில் மரம் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். அதற்குள் நுழைந்ததும் சட்டென்று சத்தம் நின்றது. கியரை ஏற்றினேன், வண்டி பறந்தது. செயலியில் "எளிது" என்று எழுதியவர் இந்தக் காட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் மறுபடியும் வெட்டவெளி.

ஐடர் அணையைக் குறை சொல்ல மாட்டேன். 1962 பிப்ரவரியில் இந்தக் கரையைத் தாக்கிய புயல் வெள்ளத்தில் ஹாம்பர்க் நகரில் மட்டும் 315 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கட்டி 1973-இல் திறந்தது இது. காற்று என்ன செய்யும் என்று இந்த ஊருக்குத் தெரியாமலில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். காற்று தள்ளிக்கொண்டு வரும் கடலுக்குக் குறுக்கே 4.9 கிலோமீட்டருக்கு அணை போடத் தெரிந்திருக்கிறது. மதகுகள் இருக்கும் இடத்தில் கார்கள் 236 மீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து சொகுசாகப் போய்விடுகின்றன. எனக்கு வாய்த்தது அணையின் திறந்த முதுகு. ஜூன் மாதம் என்பதால் அங்கே ஆலாக்கள் குஞ்சு பொரித்திருந்தன. ஆண்டுதோறும் வடதுருவப் பக்கத்திலிருந்து தென்துருவப் பக்கம் போய்த் திரும்பும் பறவை; சக பயணி என்று கொஞ்சமாவது இரக்கம் காட்டும் என்று பார்த்தால், கூட்டுக்குப் பக்கத்தில் எவன் வந்தாலும் மண்டையில் கொத்துகிறது. நான் போன வேகத்தில் அதற்குத் துரத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதே எதிர்க்காற்றில், சிறகை லேசாக அசைத்தபடி, என் தலைக்கு மேலே நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஹெல்மெட்டில் டொக், டொக்.

அணை தாண்டினால் காற்றாலைகள். எதிர்க்காற்றா பின்காற்றா என்று அறிய இதைவிட நல்ல கருவி இல்லை. காற்றாலை எப்போதும் காற்று வரும் திக்கைப் பார்த்து நிற்கும். எதிரே தெரியும் ஆலைகளின் முகம் தெரிந்தால் பின்காற்று, முதுகு தெரிந்தால் எதிர்க்காற்று. நான் அன்று சாயங்காலம்வரை பார்த்ததெல்லாம் முதுகுதான். டித்மார்ஷெனின் தென்கோடியில், கைசர் வில்ஹெல்ம் கோக் என்ற ஊரில், 1983-இல் குரோவியான் என்று ஒரு பிரம்மாண்டமான சோதனைக் காற்றாலையை நிறுத்தினார்கள். 3 மெகாவாட்; அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரியது. சில நூறு மணி நேரம் ஓடியதோடு சரி, விரிசல் கண்டு, 1988 வாக்கில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இந்தக் காற்றில் இரும்பே தாங்கவில்லை என்பதற்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. என் முழங்காலைத்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1987-இல் அதே இடத்தில் சின்னச் சின்ன ஆலைகளாக நட்டு ஜெர்மனியின் முதல் காற்றாலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க நிலத்தில் மட்டும் 28,000-க்கு மேல் நிற்கின்றன. நிலத்துக்காரருக்கு வாடகை, ஊருக்கு வரி. கடற்கரையில் பட்டம் கட்டி அலைமேல் சறுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். கடற்கரைச் சுற்றுலா ஊர்களில் தங்குகிறவர்களிடம் கடல்காற்றுக்கும் சேர்த்துத்தான் நாள்கணக்கில் வரி வாங்குகிறார்கள். காற்றால் நஷ்டப்பட்டவன் அந்தக் கரையில் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

இல்லை, இன்னும் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள். மற்றவர்களெல்லாம் மின்சாரச் சைக்கிள். 2023-இல் ஜெர்மனியில் சாதாரணச் சைக்கிளைவிட மின்சைக்கிள் அதிகம் விற்றது, வரலாற்றில் முதல்முறை. 25 கிலோமீட்டர் வேகம்வரை மோட்டார் தள்ளிக் கொடுக்கும். நான் ஹேண்டிலில் மூக்கு உரச மடங்கி மிதித்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயசுத் தம்பதி நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பேசிக்கொண்டே என்னைக் கடந்தார்கள். அம்மாவின் முன்கூடையில் ஒரு நாய்க்குட்டி. "மொயின்!" என்று வாய் நிறைய வணக்கம் சொன்னார் பெரியவர். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்கவில்லை. நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

தனியாக வந்ததில் இது ஒரு சங்கடம். இரண்டு பேராக இருந்தால் முன்னால் போகிறவன் முதுகில் ஒண்டிக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டலாம்; கால்வாசி உழைப்பாவது மிச்சம். பறவைக்கூட்டமே அப்படித்தான் போகிறது. தனியாளுக்கு ஒண்ட ஏது முதுகு? வைய ஏது ஆள்? வாய்விட்டு வைதேன்தான்; வைதது என் காதுக்கே கேட்கவில்லை.

ஒரு பேருந்து நிழற்குடைக்குள் ஒதுங்கித் தென்காசியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அங்கே சாரல் ஆரம்பித்துவிட்டதாம்.

"ஏலே, காத்துக்கா இப்படிப் பொலம்புத? குத்தாலத்துக்கு எங்கெங்கயோ இருந்து துட்டு செலவழிச்சு வந்து காத்து வாங்கிட்டுப் போறாவ. ஒனக்குச் சும்மா கெடைக்கி."

"அக்கா, எதுத்தாப்புல அடிக்கிக்கா."

"அப்ப திரும்பி இந்தப் பக்கமா ஓட்டு."

வீடு காற்று வருகிற பக்கம்தான் இருக்கிறது என்று சொல்வதற்குள் அத்தான் சாப்பிட வந்துவிட்டார். போனை வைத்துவிட்டாள்.

தங்க வேண்டிய வீட்டுக்காரர் ஆறு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். போய்ச் சேரும்போது ஏழே முக்கால். வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல மனுஷி, சைக்கிளை உள்ளே வைக்க இடம் காட்டினார், பையை வாங்கிக்கொண்டார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஹூசும் என்றேன். கையில் இருந்த சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹூசுமா? அறுபது கிலோமீட்டர்தானே? சமதரைதானே?"

காற்று என்றேன். அவர் வெளியே எட்டிப் பார்த்தார். சாயங்காலமானதும் அந்தச் சண்டாளக் காற்று அடங்கிப்போய், தோட்டத்துக் கொடிக்கயிற்றில் காய்ந்த போர்வை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்படியா!" என்றார். அதில் இருந்த மரியாதையை என்னால் மறக்க முடியாது.

வழிகாட்டிப் புத்தகம் போடுகிறவர்களுக்கும் செயலி எழுதுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஏற்றம் எத்தனை மீட்டர் என்று அச்சிடுகிற அதே இடத்தில், இந்தக் கரையில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வரும் என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். போகும் நேரத்தைக் கணக்கிடும்போது அன்றைய காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விவரம் மணிக்கு மணி இலவசமாகக் கிடைக்கிறது. "எளிது" என்பதை எடுத்துவிடுங்கள். பாதை போடுகிறவர்கள், கடலைக் காட்டியது போதும், கதவுக்குக் கதவு ஒரு புதராவது நடட்டும். இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் தெற்கே தொடங்கி வடக்கே போங்கள். எனக்கு எல்பே ஆற்றைத் தாண்டிப் பிரேமன்வரை பாக்கி இருக்கிறது. வானிலையில் நாளைக்கும் தென்மேற்கு, 30 என்று போட்டிருக்கிறான்.